வீட்டுக்குள் லாலாங்

எங்கள் வீட்டில் இரண்டு நாட்களாக மின்விசிறி போடக் கூடாது என்று உத்தரவு. மழை தவறிப்போன மாதம். தாமான் குடியிருப்பில் எங்கள் வரிசைவீட்டின் கூரை, பகலெல்லாம் வாங்கி வைத்த வெயிலைச் சாயங்காலம் சிந்தாமல் சிதறாமல் எங்கள் தலையில் இறக்கிவைக்கும். அப்படிப்பட்ட வீட்டில், மூன்று இறக்கைகளும் தலைக்கு மேல் சும்மா தொங்க, நான் ஒரு பழைய நாளிதழை மடித்து விசிறிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அந்த நாளிதழில் நான் எழுதிய கட்டுரை ஒன்றும் இருந்தது. என் எழுத்தால் ஒரு மனிதனுக்காவது நேரடியாகப் பயன் கிடைத்தது அன்றுதான்.

உத்தரவு போட்டவள் என் மனைவி. காரணம், ஒரு புல்.

புல் என்று சொன்னால் அவள் முகம் மாறும். ‘மெட்டீரியல்’ என்று சொல்ல வேண்டும். எந்தப் பெயரில் அழைத்தாலும் அது லாலாங்தான். தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன்: இடுப்புயரம் வளர்ந்து, ஓரத்தில் பிளேடு வைத்துக்கொண்டு, உச்சியில் வெள்ளைப் பஞ்சாகப் பூக்கிற களை அது. அதை வளர்க்க யாரும் மெனக்கெட்டதில்லை. ஒழிக்கத்தான் மூன்று தலைமுறை மெனக்கெட்டது. கடைசியில் ஊருக்கே சுங்கை லாலாங் என்று பெயர் நிலைத்துவிட்டது என்றால், யார் வென்றார்கள் என்று நீங்களே ஊகித்துக்கொள்ளலாம். அந்த ஊரில், என் வீட்டு முன்கூடத்தில், ஒரு கறுப்புத் தட்டில், ஒன்பது லாலாங் கதிர்கள் இடப்பக்கம் சாய்ந்து நின்றன. விசிறி போட்டால் பஞ்சு பறக்கும். ஆகவே நான் வேகலாம். பஞ்சு பறக்கக் கூடாது.

இந்த நிலைமைக்கு நான் எப்படி வந்து சேர்ந்தேன் என்பதைச் சொல்லிவிடுகிறேன்.

என் மனைவி குருணில் ஒரு தொழிற்சாலையில் இருபத்தாறு வருடம் வேலை பார்த்தாள். ஒரு நாள் அவள் பிரிவை அப்படியே பெயர்த்து வேறு நாட்டுக்குக் கொண்டுபோனார்கள். இயந்திரங்களைக் கொண்டுபோனார்கள், மேசை நாற்காலிகளைக்கூடக் கொண்டுபோனார்கள். ஆட்களை மட்டும் மறந்து வைத்துவிட்டுப் போனார்கள். அதற்குப் பிறகும் அவள் காலை ஐந்து மணிக்கு எழுந்தாள். தண்ணீர்ப் போத்தலை நிரப்பினாள். சமையலறை நாற்காலியில் உட்கார்ந்து, தொழிற்சாலை வேன் வருகிற நேரம் கடிகாரத்தில் கடந்து போவதைப் பார்த்தாள். பிறகு போத்தல் தண்ணீரைக் கொட்டிவிட்டுப் பாத்திரம் கழுவினாள். இப்படி நான்கு மாதம். பேச்சே இல்லை. பேசாத மனைவி ஒரு வரம் என்று என் கட்டுரைகளில் நான் பலமுறை எழுதியிருக்கிறேன். அப்படி எழுதினவனை எங்கே கண்டாலும் நீங்கள் உதைக்கலாம். நான் தடுக்க மாட்டேன்.

அப்போதுதான் பழைய தோழி ஒருத்தி அவளைச் சுங்கை பட்டாணியில் நடக்கும் பூ அலங்கார வகுப்புக்கு இழுத்துக்கொண்டு போனாள். நடத்துகிறவர் ஒரு சீனப் பெண்மணி. முதல் வகுப்பு முடிந்து வந்த அன்று மத்தியானம், தட்டில் சோறு ஆறுகிற வரைக்கும் என் மனைவி பேசினாள். தண்டை எந்தக் கோணத்தில் வெட்ட வேண்டும் என்று பேசினாள். நான் கோணத்தைப் பற்றி ஆட்சேபனை எதுவும் தெரிவிக்கவில்லை. ஆறிய சோற்றை அவ்வளவு சந்தோஷமாக நான் தின்றதே இல்லை.

சந்தோஷம் அத்தோடு நின்றிருந்தால் இந்தக் கட்டுரைக்கு அவசியமில்லை. அந்த டீச்சர் ஒரு ஹோட்டலுக்கு வாராவாரம் பூ வைத்துக்கொடுக்க ஒப்புக்கொண்டிருந்தார். கூட ஒருவர் தேவை. நான்கு பேரைத் தேர்ந்து வைத்துக்கொண்டு, வகுப்பில் எல்லோரும் என் கையைப் பார்த்துச் செய்கிறீர்கள், வீட்டில் தனியாக என்ன செய்வீர்கள் என்று பார்க்க வேண்டும் என்று சொல்லிவிட்டார். எங்கள் வீட்டுக்குச் சனிக்கிழமை நான்கு மணி. நவீன அலங்காரம் ஒன்று, வீட்டைச் சுற்றிக் கிடைப்பதைக் கொண்டு.

நவீனம் என்றால் என்ன என்று எனக்கு இரண்டு வாரம் பாடம் நடந்தது. நவீனம் என்றால் குறைவு. இரண்டு பக்கமும் ஒரே மாதிரி இருக்கக் கூடாது. பூவுக்கும் பூவுக்கும் நடுவில் காலி இடம் வேண்டும். அந்தக் காலி இடம்தான் முக்கியம். பூ அதற்குத் துணைக்கு வருவது. நம்மவர்களுக்கு இது பிடிபடுகிற சங்கதியா? நமக்குப் பூ என்றால் நெருக்கம். மாலையில் நார் தெரிந்தால் பூக்காரருக்கு மானக்கேடு. எங்கள் வீட்டு ஒத்திகையை எட்டிப் பார்த்த பக்கத்து வீட்டு அக்காள், பூ போதவில்லையா என்று கனிவாகக் கேட்டு, ஒரு கட்டுச் செவ்வந்தியைக் கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் போனார். மலரைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் ஞாயிற்றுக்கிழமை நாளிதழோடு இலவசமாக வருகிற மலர்தான். அதிலும் காலி இடம் விட்டால் ஆசிரியர் விளம்பரம் போட்டு நிரப்பிவிடுவார்.

முதல் முயற்சி, ஆர்க்கிட் பூவும் ஆற்றில் ஒதுங்கிய கட்டையும். கட்டையை நான்தான் தூக்கி வந்தேன். ‘கட்டை அழுத்தமா பேசுது’ என்று ஒதுக்கிவிட்டாள். இரண்டாவது, காய்ந்த செம்பனைப் பாளை. அதையும் நான்தான் தூக்கி வந்தேன்; அதில் குடியிருந்த எறும்புகள் இன்றைக்கும் என் காடியின் பின்சீட்டில் குடும்பம் நடத்துகின்றன. ரப்பர் பால் வடிக்கிற பால்மரத்துக் கோப்பையை வைத்தால் என்ன என்று நான் ஒரு யோசனை சொன்னேன். நாட்டில் இருக்கிற எல்லா காப்பிக் கடையிலும் அதைத்தான் தொங்கவிட்டிருக்கிறார்கள் என்று ஒரு பார்வையிலேயே பதில் வந்தது. நியாயமான பதில்தான். பிறகு வியாழக்கிழமை, பாசாரில் காய்கறி வாங்கித் திரும்பும் வழியில், சாலையோரத்தைப் பார்த்து, “காடிய நிறுத்துங்க” என்றாள். நான் நாய் ஏதோ குறுக்கே வந்துவிட்டது என்று நினைத்து மிதித்தேன். அவள் கத்திரிக்கோலோடு இறங்கி லாலாங்கை நோக்கி நடந்தாள்.

அதை நிறுத்திவைக்க ஆணித் தட்டு என்று ஒன்று உண்டு. ஈயத்தில் செய்த சின்ன வட்டம், மேலே ஊசி ஊசியாக ஆணிகள். அதன் கூர்மைக்கு என் கால் கட்டைவிரல் சாட்சி. தட்டில் தண்ணீர், தண்ணீருக்குள் ஆணித் தட்டு, அதில் குத்திய ஒன்பது கதிர்கள், அவற்றின் காலடியில் ஒரே ஒரு சிவப்பு ஆந்தூரியம் பூ. பஞ்சு உதிராமல் இருக்க, மகளின் கல்யாணத்தில் மிச்சமான ஹேர்ஸ்பிரேயை அடித்தாள். இரண்டு நாள் எங்கள் கூடத்தில் மணப்பெண் வாசனை. நான் தும்மினேன். தும்முவதானால் வெளியே போய்த் தும்முங்கள் என்றாள்.

அழகாக இருந்தது என்று எழுதக் கை கூசுகிறது. ஆனால் காற்றே இல்லாத அந்தக் கூடத்தில், காற்று அடிக்கிற மாதிரி அது சாய்ந்து நின்றது. அதை மறுக்க என்னால் முடியவில்லை.

சனிக்கிழமை பன்னிரண்டரைக்கு அவள் தோழியின் காரில் பீடோங்குக்குக் கிளம்பினாள். டீச்சருக்குக் கொடுக்கக் கறிபாப் பலகாரம் வாங்க வேண்டும், தோழியிடம் நல்ல கோப்பைகள் இரவல் வாங்க வேண்டும். வாசலில் நின்று எனக்குக் கட்டளைகள் கொடுத்தாள். “விசிறி போடாதீங்க. சன்னலத் தொறக்காதீங்க. கிட்டப் போயி மூச்சு விடாதீங்க.” மூன்றாவது கட்டளையில் சலுகை கேட்டுப் பார்த்தேன். கிடைக்கவில்லை.

ஒரு மணிவரை காவல் இருந்தேன். ஒன்றே கால் மணிக்கு என் சட்டை என்னோடு ஒட்டி, தனிப் பொருள் என்ற நிலையை இழந்தது. பத்தே நிமிடம், ஒரு குளியல், யாருக்கு என்ன நட்டம் என்று நினைத்தேன். சரித்திரத்தில் கோட்டைகள் இப்படித்தான் விழுந்திருக்கின்றன. காவல்காரன் குளிக்கப் போயிருப்பான்.

என் அக்காள் செர்டாங்கில் மகன் வீட்டில் இருக்கிறாள். என்னைவிடப் பதினொரு வயது மூத்தவள். சொல்லிவிட்டு வருவது விருந்தாளிகளின் பழக்கம் என்பது அவள் கொள்கை. தம்பி வீட்டுக்குத் தோன்றியபோது வருவாள். அன்று அவள் மகனுக்கு அலோர் ஸ்டாரில் ஏதோ வேலை. போகிற வழியில் எங்கள் சந்தில் அவளை இறக்கிவிட்டுப் போயிருக்கிறான். எங்கள் பின்கதவு பகலில் பூட்டப்பட்டதாக வரலாறு இல்லை. ஒரு சீப்பு வாழைப்பழத்தோடும் முருங்கைக்கீரையோடும் அவள் சமையலறை வழியாக உள்ளே வந்து, வெக்கை தாங்காமல், எந்த மனிதரும் செய்யக்கூடியதைச் செய்தாள்.

எங்கள் விசிறி சுற்றும்போது டக், டக் என்று ஒரு சத்தம் வரும். தலை நிறையச் சோப்பு நுரையோடு நான் அந்தச் சத்தத்தைக் கேட்டேன்.

அக்காளைப் பற்றி ஒன்று சொன்னால்தான் அடுத்து நடந்தது புரியும். பதினான்கு வயதில் தோட்டத்தில் பேர் பதிந்தவள். அவளுக்குக் கொடுத்த முதல் வேலை லாலாங் துடைப்பது. பெண்கள் வரிசையாகப் போவார்கள். விரலில் துணியைச் சுற்றி, இடுப்பில் தொங்கும் மருந்து டின்னில் நனைத்து, லாலாங்கை ஒவ்வொரு தாளாக அடியிலிருந்து நுனிவரைக்கும் துடைக்க வேண்டும். ஒரு தாள் தப்பினாலும் அடுத்த மழைக்கு நூறாக நிற்கும். பிறகு மருந்தடிக்கும் வேலை, பிறகு களை பிடுங்கும் கூட்டம். முப்பத்தெட்டு வருடம். நான் படித்த புத்தகங்களில் பாதி அந்த லாலாங் கூலியில் வாங்கியவை. இன்றைக்கும் அவளோடு காடியில் போனால், வழியில் தெரிகிற புல்லைப் பார்த்துப் பல்லைக் கடித்துக்கொண்டே வருவாள்.

அப்படிப்பட்டவள் தம்பி வீட்டுக் கூடத்தில் விசிறியைப் போட்டுவிட்டு நிமிர்ந்தபோது, ஹேர்ஸ்பிரேயின் பிடியை மீறிப் பஞ்சு பறந்தது. சோபாவில், திரைச்சீலையில், சாமி படத்தில், லாலாங் விதை.

நான் நுரையை வழித்துவிட்டு, கைலியைக் கட்டிக்கொண்டு வெளியே வருவதற்குள் எல்லாம் முடிந்திருந்தது. ஒன்பது கதிரையும் ஒரே பிடியில் பிடுங்கியிருக்கிறாள். லாலாங்கைக் குப்பையில் போடக் கூடாது, விதை பரவும். ஆகவே பின்பக்கம் ஒரு பழைய பிஸ்கட் டின்னில் போட்டுக் கொளுத்திவிட்டாள். ஹேர்ஸ்பிரே பட்ட புல் எவ்வளவு உற்சாகமாக எரியும் என்று எனக்கு அன்றுதான் தெரிந்தது. ஆந்தூரியம் சாமி படத்தில் சொருகப்பட்டிருந்தது. ஆணித் தட்டைக் கழுவி, தேங்காய்த் துருவிக்குப் பக்கத்தில், ஒரே சாதி என்று கருதிக் கவிழ்த்திருந்தாள். கறுப்புத் தட்டில் அவள் கொண்டுவந்த வாழைப்பழச் சீப்பு இருந்தது. உண்மையைச் சொன்னால் அதுவும் அவ்வளவு மோசமாக இல்லை.

“என்னா தம்பி, வீட்ட இப்படிப் போட்டு வச்சிருக்கீங்க? லாலாங் கூடத்துல வந்து நிக்கிது, நீ சாவகாசமா குளிச்சிக்கிட்டு இருக்க. அதுலயும் வேர விட்டுட்டு எவனோ அறுத்திருக்கான்.”

“அக்கா, அது அவ வச்சதுக்கா.”

“வச்சதா? லாலாங்க யாருலா வைப்பா?”

நான் ஈரத் தலையோடு நின்று எல்லாவற்றையும் சொன்னேன். வகுப்பு, டீச்சர், நான்கு மணி, ஹோட்டல், வேலை. நவீனம் என்றால் என்ன என்றும் சொல்லப் பார்த்தேன். அது சரியாக வரவில்லை. அக்காள் கையில் ஒட்டியிருந்த சாம்பலைத் தட்டிக்கொண்டே கேட்டாள். “அத ஒழிக்கத்தான் எனக்குக் கூலி குடுத்தாங்க. வைக்கிறதுக்கும் இப்ப குடுக்குறாங்களா?”

நான் படித்த புத்தகங்களையெல்லாம் மனதுக்குள் புரட்டிப் பார்த்தேன், லாலாங் அகப்படவில்லை. ஆனாலும் விடாமல், தோட்டத்துக் கோயிலில் தர்ப்பை கிடைக்காத நாட்களில் ஐயர் லாலாங்கைத்தானே மோதிரமாக முடிந்துகொள்வார், சாமிக்கே ஆகிற புல் கூடத்துக்கு ஆகாதா என்று வாதாடினேன்.

“ஐயரா போயி புடுங்கினாரு? நாந்தான் புடுங்கிக் குடுத்தேன்” என்றாள். விவாதம் அத்தோடு முடிந்தது.

பிறகு அவள் நாற்காலியில் உட்கார்ந்தாள். மணி ஒன்றே முக்கால். அந்த நான்கு மாதத்தில் அவள் இரண்டு முறை வந்து, பேசாத என் மனைவிக்கு எதிரே சமையலறையில் உட்கார்ந்திருந்தவள். தண்ணீர்ப் போத்தலையும் பார்த்தவள். தட்டிலிருந்து வாழைப்பழச் சீப்பை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

“அந்தப் புள்ள மறுபடி வாயடைச்சிப் போச்சின்னா அது எம் பாவந்தான் தம்பி” என்றாள். பிறகு எழுந்தாள். “காடிய எடு.”

உலகத்தில் லாலாங் வேண்டாம் என்று நினைத்தவன் கண்ணில் அது படாத இடமே இல்லை. வேண்டும் என்று கிளம்பினவன் கதை வேறு. வியாழக்கிழமை என் மனைவி வெட்டிய சாலையோரத்துக்குப் போனோம். முந்தைய நாள் புல்வெட்டிகள் வந்து, தரையை மொட்டையடித்துவிட்டுப் போயிருந்தார்கள். பள்ளி மைதானத்துக்குப் பின்னால் போனோம். மஞ்சளாகப் பழுத்து நின்றது. அக்காள் காடியை விட்டு இறங்காமலே, “மருந்து பட்டது. நாலு நாளாவுது” என்றாள். ரயில் தடத்தை ஒட்டி ஒரு கூட்டம் வெள்ளையாகத் தெரிந்தது. நான் ஆவலாக நிறுத்தினேன். “அது லாலாங் இல்ல, வேற புல்லு. புஸ்தகம் படிச்சிப் படிச்சிக் கண்ணு போச்சு ஒனக்கு.” மணி இரண்டரை. ஐம்பத்தைந்து வயதில், கைலிக்கு மேல் சட்டை போட்டுக்கொண்டு, சுங்கை லாலாங் முழுக்க லாலாங் தேடி அலைகிறேனே என்று என்னை நானே பார்த்துக்கொண்டேன். அந்தக் காட்சி எனக்குப் பிடிக்கவில்லை.

“இந்தப் பக்கம் எங்கயாச்சும் நெருப்பு வச்சாங்களா?” என்று அக்காள் கேட்டாள். நான் எரிச்சலில் எதற்கு என்றேன். எரிந்த இடத்தில்தான் லாலாங் பூக்கும் என்றாள். வெட்டு, நெருப்பு, மருந்து, ஏதாவது பட்டுப் பிழைத்தால், போகிற உயிர் விதை போட்டுவிட்டுப் போகட்டும் என்று உடனே பூத்துவிடுமாம். முப்பத்தெட்டு வருடம் எதிராளியாக இருந்தவளுக்கு இல்லாத விவரமா? எனக்கு நினைவு வந்தது. செம்பனைத் தோட்டத்து எல்லையில், பெரிய வாய்க்காலுக்கு அந்தப் பக்கம், யாரோ குப்பைக்கு வைத்த நெருப்பு ஒரு மாதத்துக்கு முன் பரவி அணைந்திருந்தது.

போனோம். கரிந்த தரையில் வெள்ளை வெளேர் என்று பூத்து நின்றது.

நான் கத்திரிக்கோலை எடுத்தேன். அக்காள் அதைக் கண்டுகொள்ளவே இல்லை. முந்தானையை இடுப்பில் சொருகிக்கொண்டு குனிந்து, அடியில் இரண்டு கையாலும் பிடித்து, ஒரு திருகு திருகி இழுத்தாள். வேரும் மண்ணுமாக வந்தது. அறுத்தால் போதும் அக்கா, வேர் வேண்டாம், அவள் ஆணியில் குத்த வேண்டும் என்று கெஞ்சினேன்.

“வேர விட்டுட்டு அறுக்குறது வேலயா? கங்காணி பாத்தா பேரு வெட்டி அன்னைக்குக் கூலி இல்லாம ஆக்கிருவான்.”

கங்காணி இறந்து இருபது வருடம் ஆகிறது என்பதை நினைவுபடுத்தினேன். அவள் அடுத்ததைத் திருகினாள். ஒன்பது கேட்டேன், கை நின்றபோது இருபதுக்கு மேல் இருந்தது. பிடுங்க ஆரம்பித்தால் நடுவில் நிறுத்த அவளுக்குத் தெரியாது. எறும்புகளோடு இப்போது மண்ணும் என் காடிக்குள் ஏறியது.

வீடு திரும்பும்போது மணி மூன்றேகால். என் மனைவி எங்களுக்கு முன்பே வந்திருந்தாள். கூடத்தில், கையில் கறிபாப் பையோடு, காலித் தட்டுக்கு எதிரே நின்றாள். விசிறி டக், டக் என்று சுற்றிக்கொண்டிருந்தது. அதை அணைக்கக்கூட எங்களுக்குத் தோன்றியிருக்கவில்லை. அவள் எங்களைத் திரும்பிப் பார்த்தாள். அந்த முகம் எனக்குத் தெரியும். காலை ஐந்து மணி முகம்.

நான் தயாரித்து வைத்திருந்த விளக்கத்தில் மூன்று பத்திகள் இருந்தன. முதல் பத்தியிலேயே குளியல் வந்தது. வாயைத் திறப்பதற்குள் அக்காள் என்னைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தாள். அத்தனை லாலாங்கையும் வேரும் மண்ணுமாகக் கூடத்துப் பளிங்குத் தரையில் போட்டாள்.

“நாந்தாம்மா புடுங்கிட்டேன். தெரியாமப் புடுங்கிட்டேன். எத்தன வேணும்னு நீயே எடுத்துக்க.”

என் மனைவி தரையைப் பார்த்தாள். மண் உருண்டைகள் சோபாவுக்கு அடியில் ஓடின. பிறகு கறிபாப் பையை என் கையில் திணித்தாள்.

“அண்ணி, இத கொஞ்சம் அலசிக் குடுங்க” என்றாள்.

அடுத்த முக்கால் மணி நேரம் நான் அந்த வீட்டில் ஓர் இடைஞ்சல். விசிறியை அணைத்துவிட்டு, தரையைத் துடைத்தேன். துடைத்த இடத்தில் இன்னும் மண் விழுந்தது. பின்பக்கக் குழாயில் அலசியதும் வேர்கள் வெள்ளையாக, கணுக்கணுவாக, நுனியில் ஈட்டி மாதிரி கூராக வந்தன. என் மனைவி அவற்றை அறுக்கக் கத்திரியை வைத்தவள், அப்படியே நிறுத்தினாள். தலையைச் சாய்த்துப் பார்த்தாள். பிறகு ஆறே ஆறு எடுத்து, வேரோடு ஆணித் தட்டில் நிறுத்தி, வேர்கள் தட்டின் விளிம்பைத் தாண்டி மேசையில் படரும்படி விட்டாள். மேலே பஞ்சு ஒரு பக்கம், கீழே வேர் எதிர்ப்பக்கம். நடுவில் காலி இடம்.

சிவப்பு மட்டும் இல்லை. நான் சாமி படத்தின் பக்கம் நைசாகக் கையை நீட்டினேன். சாமிக்குக் கொடுத்ததைத் திரும்ப எடுக்கிற குடும்பமா இது என்று அக்காளின் கண் கேட்டது. கையை இழுத்துக்கொண்டேன். பக்கத்து வீட்டுச் செவ்வந்தியை நினைவூட்டினேன். இரண்டு பேரும் சேர்ந்து என்னைப் பார்த்தார்கள். ஆக, பூ அலங்காரத்தில் பூவே இல்லை. இதைவிட நவீனமாக ஆக முடியாது என்று நான் மட்டும் சொல்லிக்கொண்டேன்.

“வேரத் தண்ணியில வைக்காதம்மா, மொளைக்கும்” என்றாள் அக்காள். யாரும் காதில் வாங்கவில்லை.

டீச்சர் சரியாக நான்கு மணிக்கு வந்தார். கறுப்பு உடை, சின்னக் குறிப்புப் புத்தகம். வந்தவர் மேசையைச் சுற்றி நடந்தார். வியர்த்தார். புத்தகத்தால் விசிறிக்கொண்டார். வந்த மனுஷி வியர்ப்பதை அக்காளால் பொறுக்க முடியவில்லை. நாங்கள் இருவரும் ‘அக்கா’, ‘அண்ணி’ என்று வாயெடுப்பதற்குள் அவள் கை சுவிட்சுக்குப் போய்விட்டது. டக், டக்.

இந்த முறை ஹேர்ஸ்பிரேகூட இல்லை. பஞ்சு எழும்பி, கூடத்தை ஒரு சுற்றுச் சுற்றி, டீச்சரின் கறுப்பு உடையில் சாவகாசமாக இறங்கியது. என் மனைவி கண்ணை மூடிக்கொண்டாள். டீச்சர் தும்மினார். தோளிலிருந்து ஒரு பஞ்சை எடுத்து விரலில் வைத்துப் பார்த்தார். பிறகு குனிந்து வேர்களைப் பார்த்து, வேரை வைப்பது யாருடைய யோசனை என்று மலாயில் கேட்டார்.

என்னுடையது என்று என் மனைவி சொல்லியிருக்கலாம். ஒரு வேலை கிடைக்கிற இடத்தில் நானாக இருந்தால் சொல்லியிருப்பேன். அவள் அக்காளைக் காட்டி, அவர்களுக்கு வேரை விட்டுவிட்டு எடுக்க வராது என்றாள். டீச்சர் அக்காளின் பக்கம் திரும்பி, எத்தனை வருடமாக இதைச் செய்கிறீர்கள் என்று மரியாதையாகக் கேட்டார். முப்பத்தெட்டு வருடம் என்றாள் அக்காள், பாசார் மலாயில். அதில் பொய் ஏதும் இல்லை. டீச்சர் தலையைத் தாழ்த்தினார். நான் கறிபாப் தட்டை நீட்டினேன். இரண்டு சாப்பிட்டார். முடிவு எதுவும் சொல்லாமல், பஞ்சு ஒட்டிய உடையோடு கிளம்பிப் போனார்.

ஞாயிறு முழுக்க நான் சோபாவிலிருந்து விதை பொறுக்கினேன்.

திங்கட்கிழமை காலை, நான் எழுந்து வந்தபோது என் மனைவி சமையலறையில் அதே நாற்காலியில் இருந்தாள். கையில் போத்தலுக்குப் பதில் கைத்தொலைபேசி. டீச்சர் அனுப்பிய செய்தி, மூன்றே வரி. ஹோட்டலில் வாரம் ஒரு நாள், வியாழக்கிழமை, அடுத்த மாதத்திலிருந்து. லாலாங் வேரோடு வேண்டும். அதை எனக்கு வாசித்துக் காட்டினாள். பிறகு என்னை உட்காரவைத்து, வேரை எந்தக் கோணத்தில் படரவிட வேண்டும் என்று விளக்க ஆரம்பித்தாள். நான் அப்போது பல்கூட விளக்கவில்லை. முக்கால் மணி நேரம் கேட்டேன்.

அதன் பலனை இன்றுவரைக்கும் அனுபவிக்கிறேன். புதன்கிழமை சாயங்காலமானால் உலகத்தில் மற்ற ஆண்களெல்லாம் காப்பிக் கடையில் உட்கார்ந்திருப்பார்கள். நான் வாய்க்கால் ஓரத்தில் குனிந்திருப்பேன். எனக்கு அந்தத் திருகு இன்னும் வரவில்லை. பாதி வேர் மண்ணுக்குள்ளேயே நின்றுவிடுகிறது. அந்த மிச்சம் எனக்கு விரோதமாகத் தழைக்கிறது. என் கையில் இருக்கிற கீறல்களைப் பார்த்து, பூனை வளர்க்கிறீர்களா என்று கேட்கிறார்கள். லாலாங் வளர்க்கிறேன் என்று சொன்னால் யார் நம்புவார்கள்?

ஆனால் வளர்க்கத்தான் செய்கிறோம். அன்று பின்பக்கம் அலசியபோது விழுந்த துண்டுகள் முளைத்து, குழாயடியிலிருந்து சாக்கடை ஓரம்வரைக்கும் இப்போது முழங்காலுயரத்துக்கு நிற்கிறது. போன மாதம் அக்காள் வந்தாள், வழக்கம்போலச் சொல்லாமல், பின்கதவு வழியாக. அதைக் கண்டதும் பையைக் கீழே வைத்தாள். முந்தானையைச் சொருகினாள். குனிந்து இரண்டு கையாலும் அடியில் பிடித்தாள்.

“அண்ணி, அதுல கை வைக்காதீங்க. வியாழக்கிழமைக்கு வேணும்” என்று சமையலறைச் சன்னலிலிருந்து என் மனைவியின் குரல் வந்தது.

அக்காளின் கை அப்படியே நின்றது. பிடித்ததை விடாமல், தலையை மட்டும் நிமிர்த்தி என்னைப் பார்த்தாள்.

“ஒங்க வீடு உருப்படாது தம்பி” என்றாள். பிறகு சன்னலைப் பார்த்துக் கேட்டாள், “எத்தனம்மா வேணும்?”